பத்தொன்பதாம் நாள் காய்ச்சல்

நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது ஓர் அறுநூறு சொல் கட்டுரை. பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்க எழுதியது. அதற்குப் பிறகு கற்பாசிகளைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் எழுதிவிட்டேன். மாநாடுகளில் சால்வை வாங்கிவிட்டேன். ஒரு பாசிக்கு என் பெயரைக்கூட வைத்திருக்கிறார்கள். எதுவும் அந்தக் கட்டுரைக்கு உறை போடக் காணாது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதில் இருந்த ஆர்வம் மட்டும் என்னுடையது இல்லை. வகுப்புத் தோழி மரகதத்திடம் இரவல் வாங்கியது. பத்தொன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், போன மாதம் சொந்த ஊரான நாமக்கல்லுக்குப் போய்விட்டு வந்ததுதான்.

முதலில் அப்போதைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரைகளை எல்லாம் இயந்திரங்கள் எழுதிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, நாட்டில் விண்ணப்பம் போட்ட அத்தனை பிள்ளைகளும் ஒரே மாதிரி மேதைகள் ஆகிவிட்டார்கள். கல்லூரிகளுக்கு அலுத்துப் போனது. கட்டுரையை யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது, ஆனால் எழுதிய விஷயத்தில் அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கவனமானி வந்தது. நெற்றியில் கட்டுகிற ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு திரை, அவ்வளவுதான். நேர்காணலில் அதைக் கட்டிக்கொண்டு உங்கள் கட்டுரையை நீங்களே வாசிக்க வேண்டும். மனசு அந்த விஷயத்தின் பின்னால் ஓடினால் திரையில் பச்சைக் கோடு எழும். ஓடாவிட்டால் படுத்துக்கொள்ளும். நடிக்க முடியாது. நடிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் எழும் என்று எங்கள் வகுப்பில் கேலி செய்வோம்.

நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டது மலைமேல் புதிதாகத் திறந்திருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு. மொத்தம் நாற்பது இடம். விண்ணப்பத்தில் ‘உன் அறிவார்ந்த ஆர்வங்கள் மூன்று’ என்று ஒரு பகுதி. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் இதற்கென்றே பழனிவேலு சார் இருந்தார்.

“மூணு ஆர்வம் எழுதுங்க. உண்மையா இருக்கோணும். அதே சமயம் உருப்படியாவும் இருக்கோணும்” என்றார்.

எங்கள் வகுப்பில் பதினோரு பேர் கருந்துளை என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். சார் ஒத்திகைக்காக ஒரு கவனமானியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். என் முறை வந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு கருந்துளையைப் பற்றி வாசித்தேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வராந்தாவில் இரண்டு டீச்சர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு போனார்கள். விலங்கியல் டீச்சர் வீட்டுக்காரர் ஈரோட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாராம், மாற்றல் தானாக வரவில்லையாம். என் வாய் கருந்துளையை வாசித்துக்கொண்டே இருந்தது. கோடு திரையின் உச்சிக்குப் போய் முட்டியது.

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். “ஊர்வம்புக்குப் பல்கலைக்கழகத்துல துறை இல்ல கண்ணு” என்றார்.

அன்றைக்குப் பட்ட கூச்சத்தை என்னால் இன்றைக்கும் தொட்டுக் காட்ட முடியும், காதுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஏனென்றால் அது உண்மை. சின்ன வயதிலிருந்தே எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். பேசாமல் இருப்பதைக் கவனிக்க இன்னும் பிடிக்கும். கல்யாணப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காராமல் இலை மாறிப் போகிறார்கள் என்று பார்த்தே எந்தப் பங்காளிகளுக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்று சொல்லிவிடுவேன். அவர்களில் யார் முதலில் இறங்கி வருவார் என்பதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அம்மா இதற்கு வைத்திருந்த பெயர் ‘வாய் பாக்கறது’. “சம்யு, எங்க போனாலும் அங்கங்க நின்னு வாய் பாக்காத” என்று சொல்லித்தான் கடைக்கு அனுப்புவாள். விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருந்தது. ஒன்றில்கூட இதை எழுத முடியாது.

மரகதத்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவளுக்குக் கற்பாசி பைத்தியம். அவள் அப்பா லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், வீடு பட்டறைக்குப் பின்னால் இருந்தது. ஒரு நாள் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியைப் பொட்டலத்திலிருந்து எடுத்துப் பார்த்தவள், இதுவும் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறையில் படை மாதிரி ஒட்டியிருப்பதும் ஒரே சாதி என்று கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து ஆரம்பம். பாறையில் ஒரு பாசித் திட்டைச் சுற்றி காம்பஸ் முனையால் வட்டம் கீறி வைத்திருந்தாள். “வருசத்துக்கு ஒரு மில்லிதான் வளருமாம். நாம கெழவியாகறப்ப இது எங்க வந்திருக்கும்னு பாக்கலாம்” என்பாள். வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் தெரியாது.

ஒத்திகை முடிந்து நான் அழுதுகொண்டிருந்தபோது அவள்தான் வந்து சொன்னாள்.

“இதுக்கெதுக்கு அழுகற? என்றத, இந்தக் கற்பாசி ஆர்வத்த, வாங்கிக்க. உங்க பேட்ச்சுக்கு முன்னாடி நேர்காணல், எங்களுக்குப் பின்னாடி. முடிச்சுட்டுக் குடுத்துரு.”

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ரெக்கார்டு நோட்டு வழக்கம் தெரிய வேண்டும். ஏ பேட்ச்சுக்குச் செவ்வாய்க்கிழமை ஆய்வகம், பி பேட்ச்சுக்கு வெள்ளிக்கிழமை. எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டு வகுப்பில் இரண்டு மூன்றுதான் இருக்கும். அது பை மாறி, சைக்கிள் மாறி, எல்லோர் வீட்டுக்கும் போய் வெள்ளிக்கிழமை காலை சொந்தக்காரியிடம் வந்துவிடும். பெரும்பாலும் மரகதத்தின் நோட்டுதான். ஒரு தடவைகூட வராமல் போனதில்லை. கொடுத்தவளுக்கு எதுவும் குறைந்ததாகவும் யாரும் நினைத்ததில்லை. அதே கணக்கில்தான் நாங்கள் இதையும் போட்டோம். ஆர்வத்தைக் கைமாற்றுகிற மையம் ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மனச்சோர்வுக்காரர்களுக்கு உறவினர் ஒருவரின் ஆர்வத்தைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கிற வைத்தியத்துக்காக அனுமதி வாங்கியிருந்தார்கள். மாணவர்களுக்கு முதல் தடவை இலவசம் என்று பலகை தொங்கியது. பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ரேங்க் கார்டில் போட்டுப் பழகிய கைகள்தானே, போட்டுவிட்டோம்.

மையத்தில் இருந்த சுகந்தியக்கா நல்லவர். எதையும் மறைக்கவில்லை.

“காப்பி எடுக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க. இது எடுத்து வெக்கறது. மரகதம், உனக்குப் படிச்சது எதுவும் மறக்காது. ஆனா அதப் பத்தி யோசிக்கோணும்னு தோணாது.”

“எத்தன நாளைக்கு?” என்றாள் மரகதம்.

“இருவத்தோரு நாளைக்குள்ள ரெண்டு பேரும் சேந்து வந்தா மாத்தி வெச்சரலாம். அதுக்கு மேல வேர் புடிச்சிரும். அப்பறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

“எடுத்த எடம் சும்மாவா கெடக்கும்?”

“சும்மா விட்டா ஆள் சோந்துரும். அதுக்குத்தான் இந்தப் புள்ளயோடத உனக்கு வெப்போம்.” என் பக்கம் திரும்பி, “உன்றது என்ன கண்ணு?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மரகதம் சிரித்தாள். “வாய் பாக்கறதுக்கா. பரவால்ல, பத்தொம்பது நாள் வெச்சுக்கறேன்.”

பத்தொன்பது என்பது சுகந்தியக்கா நோட்டில் எழுதிய தேதி. இரண்டு நாள் கைவசம் இருக்கட்டும் என்று வைத்தார். மரகதத்தின் நேர்காணல் இருபத்து நான்காம் நாள்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே கொல்லைச் சுவரைப் பார்த்தேன். பதினேழு வருடமாகப் பார்க்கிற சுவர். அதில் சாம்பலும் மஞ்சளுமாய் நாற்பது ஐம்பது ஊர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எல்லை இருந்தது. இரண்டு திட்டுகள் சந்திக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது, யாரோ அளந்து போட்டதுபோல. வாயில் நுரை காய்ந்து போகும்வரை நின்றேன். அம்மா வந்து உலுக்கினாள். பின்கட்டில் அத்தையும் அப்பாவும் எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்களாம். எனக்குக் காதில் விழவே இல்லை.

அந்த நாட்களைப் பற்றி எப்படிச் சொல்வது? நான் அதுவரை உயிரோடு இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. கற்பாசி ஒரு செடி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பூஞ்சை வீடு கொடுக்கிறது, பாசி சமைத்துப் போடுகிறது. இது கூட்டா, பாசியைப் பூஞ்சை பிடித்து அடைத்து வைத்திருக்கிறதா என்று இன்னும் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் ஒத்துவரவில்லை. அதைத்தான் கட்டுரையில் எழுதினேன். மரகதத்தின் பாறையையும் அந்த வட்டத்தையும் எழுதினேன். வட்டத்தை நான் கீறியதாக எழுதவில்லை, ‘கீறப்பட்டிருக்கிறது’ என்று எழுதினேன். அந்தத் திருட்டுத்தனம் மட்டும் என்னுடையது.

ஒன்பதாம் நாள் நேர்காணலில் கோடு எழுந்து அப்படியே நின்றது. வாசித்து முடித்த பிறகும் இறங்கவில்லை. குழுவில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இப்படிப் பார்த்து ரொம்ப நாளாச்சும்மா” என்றார். பன்னிரண்டாம் நாள் இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு மரகதம் மையத்திலிருந்து கூப்பிட்டாள்.

“எங்க புள்ள இருக்கற? சுகந்தியக்கா ரெடியா இருக்காங்க.”

நான் கொல்லையில், சுவருக்கு முன்னால், கையில் பூதக்கண்ணாடியோடு இருந்தேன். இருமினேன். “காய்ச்சல்டி. நூத்திரண்டு. எந்திரிக்கவே முடியல” என்றேன். இன்னொரு தடவை இருமினேன்.

அந்தப் பக்கம் சுகந்தியக்கா என்னவோ கேட்டார். பிறகு, “சரி. ஒடம்பப் பாத்துக்க” என்றாள்.

இருபதாம் நாள் நான் தூங்குவதாக அம்மாவைச் சொல்லச் சொன்னேன். இருபத்தோராம் நாள் போனை அணைத்து வைத்தேன். சேர்க்கையன்று மறுபடி அளப்பார்களாம் என்று ஒரு வதந்தி இருந்தது, அதற்குப் பயந்தேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். திருப்பிக் கொடுத்தால் நான் மறுபடியும் வாய் பார்க்கிறவளாகிவிடுவேன். அந்தச் சுவர் மறுபடியும் வெறும் சுவராகிவிடும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. இரவல் கொடுத்தவளுக்கும் அந்தச் சுவர் இப்போது வெறும் சுவராகத்தானே இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இருபத்து நான்காம் நாள் மரகதம் போய் தன் கட்டுரையை வாசித்தாள். கோடு படுத்துக்கொண்டது. ஒரே பள்ளி, ஒரே பாறை, ஒரே வட்டம். ஒருத்திக்குக் கோடு உச்சியில் நிற்கிறது, இன்னொருத்திக்குத் தரையில் கிடக்கிறது. என் கட்டுரையைப் பார்த்து எழுதியவள் என்று அவளைப் பற்றிக் குறிப்பு எழுதினார்கள். பழனிவேலு சார் வகுப்பில் வைத்தே, “அடுத்தவங்க உழைப்புல குளிர் காயறது கேவலம்” என்று அவளைச் சொன்னார். நானும் வகுப்பில்தான் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னல் கட்டையில் ஒரு புது வகைப் பாசி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஊரைவிட்டுப் போனேன், படித்தேன், பெரிய ஆள் ஆனேன். கல்யாணமும் ஆனது. தயாளன் பொறுமைசாலி. ஏழாவது வருடம் ஒரு காலையில் பெட்டியோடு நின்று, “நான் உங்கிட்டப் பேசி இன்னையோட ஒன்பது நாள் ஆச்சு. நீ கவனிக்கவே இல்ல” என்றார். நான் கவனிக்கவில்லைதான். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எதில் குறை என்று அப்போதும் புரியவில்லை. வாய் பார்க்கிற சனியன் விட்டது என்று சந்தோஷப்பட்டவளுக்கு எப்படிப் புரியும்?

மரகதம் மட்டும் மனசை உறுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சால்வைக்கும் அவள் முகம் வரும். சென்ற வருடம் வேர் பிடித்த ஆர்வத்தையும் பிரித்து மாற்றுகிற முறை ஒன்று வந்தது. முதல் செய்தியைப் படித்ததுமே முடிவு செய்துவிட்டேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது வயதுக்குள் எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, மீதி வயது அவளுக்காவது கிடைக்கட்டும். இப்படி நினைத்துக்கொண்டதில் எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் இறங்கினேன். நேராக அவள் வீட்டுக்குப் போகவில்லை, முதலில் பாறைக்குப் போனேன். வட்டம் அப்படியே இருந்தது. பாசி அதைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தது. இரண்டு மணி நேரம் முட்டி போட்டு அளந்தேன். அதன் பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

மரகதம் இப்போது நீதிமன்றத்தின் சமரச மையத்தில் இருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். கணவன் மனைவி வழக்கு, அண்ணன் தம்பி வழக்கு எல்லாம் வாதத்துக்குப் போவதற்கு முன்னால் அவளிடம்தான் வருமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள் போலிருக்கிறது, வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன. துவைக்கிற கல்லில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. அந்த வகை சமவெளியில் வராது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து, “வாங்க, உள்ள வாங்க” என்றார். தலையாட்டிவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரகதம் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், என் முட்டியைப் பார்த்தாள். “பாறைக்குப் போய்ட்டுத்தான் வாரயா. சரி, வா. கை கழுவிட்டு உக்காரு, சோறு ஆயிருச்சு” என்றாள். இருபத்திரண்டு வருடம் நடுவில் இல்லாததுபோல.

“இந்தத் துவைக்கற கல்லு எங்கிருந்து கொண்டாந்தது?” என்றேன்.

“கொல்லிமலையிலிருந்து” என்றாள்.

அதானே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிரியாணி போட்டாள். அவளும் எதிரில் உட்கார்ந்து அதே குண்டாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். வாயில் தட்டுப்பட்ட கல்பாசியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் விரித்து, அது எந்த வகை, எந்தக் காட்டிலிருந்து வந்திருக்கும் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். உள் அறையில் யாரோ இருமினார்கள். இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தாள். கை கழுவிய பிறகு, பையிலிருந்து காகிதங்களை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, வழி நெடுகத் தயார் செய்த பேச்சைப் பேசினேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை என்றேன். திருடினேன் என்றேன். பழனிவேலு சார் பேசியபோது வாய் மூடி இருந்தேன் என்றேன். இப்போது மாற்றிவிட முடியும், செலவு என்னுடையது, நீ வந்து படுத்தால் போதும் என்றேன். அழுதுவிட்டேன்.

மரகதம் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“காய்ச்சல் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “போன்ல ரெண்டு தடவ இருமினயே, அது எப்பேர்ப்பட்ட பொய்யின்னு கேட்ட ஒடனே தெரிஞ்சுது. உன்றதுதான் எங்கிட்ட வந்திருந்துச்சே.”

தட்டின் ஓரத்திலிருந்த கல்பாசியைப் பார்த்தேன்.

“நான் உங்க ஊட்டுக்கு வந்து உன்னய இழுத்துட்டுப் போயிருக்கலாம். போகல. ஏன்னு கேக்க மாட்ட. சரி, நானே சொல்றேன். அப்ப எங்கப்பனும் அம்மாவும் ஆறு மாசமா பேசிக்கறதில்ல. ‘அவருகிட்டச் சொல்லு’, ‘அவகிட்டச் சொல்லு’ன்னு என்னய நடுவுல வெச்சுத்தான் நடக்கும். அது சண்டைங்கறதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. சேதி சொல்லிப்போட்டுப் பாறைக்குப் போயிருவேன். உன்றது வந்த நாலாம் நாள் சோத்துத் தட்ட எங்கம்மா வெக்கற சத்தத்துலயே எல்லாம் புரிஞ்சுபோச்சு. எந்த வார்த்தைல ஆரம்பிச்சது, யாரு மொதல்ல சொல்லோணும்னு காத்துக் கெடக்கறாங்க, எல்லாம். பதினஞ்சாம் நாளு ரெண்டு பேரையும் பேச வெச்சுட்டேன். எங்கப்பன் அழுததப் பாத்தேன். அப்பறம் மையத்துல உக்காந்துட்டு நெனச்சேன், இத எப்படிக் குடுக்கறதுன்னு. அந்த நேரம் பாத்து நீ இருமின.”

“சீட்டு போச்சு” என்றேன். அதை எப்படியாவது என் குற்றமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“போச்சு. அழுதேன். திருடின்னு பேரு வந்துச்சு, அதுக்கும் அழுதேன். ரெண்டு வருசம் உன்னய நெனச்சாலே வவுறு எரியும். அதெல்லாம் இல்லன்னு சொல்லல, மன்னிச்சுட்டேன்னும் சொல்லல.” காகிதங்களை மடித்து என் பையிலேயே வைத்தாள். “ஆனா இத நான் தரமாட்டேன் சம்யு. நீ வேண்டாம்னு வெக்கப்பட்டு விட்டுட்டுப் போனது. நான் அத வெச்சுத்தான் மனுசியா இருக்கறேன்.”

நான் கொடுக்கத்தான் வந்தேன், கேட்க வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. மாற்றுவது என்றால் என்னுடையது எனக்கு வந்துவிடும் அல்லவா. இத்தனை வருடத்தில் நான் அதை ஒரு நாள்கூட ஒரு பொருளாக நினைத்ததில்லை.

மரகதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. சமரச மையத்தில் எதிரில் உட்காருகிறவர்களை இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

“நீ வந்து ரெண்டு மணி நேரமாச்சு” என்றாள். “இந்த ரெண்டு மணி நேரத்துல எங்கிட்ட எத்தன கேள்வி கேட்டன்னு தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. துவைக்கற கல்லப் பத்தி.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

“வாசல்ல கொழந்தயோட நின்னவரு யாருன்னு கேக்கல. உள்ள இருமறது யாருன்னு கேக்கல. நான் என்ன பண்றேன், எப்படி இருக்கறேன், ஒண்ணும் கேக்கல. கொறையாச் சொல்லல, புள்ள. உன்னால முடியாதுன்னு தெரியும். அதுதான் எங்கிட்ட இருக்குதே, எனக்குத் தெரியாதா? பாவம், நீ எப்படிக் காலந்தள்றன்னுதான் அப்பப்ப நெனச்சுக்குவேன்.”

திருடியவளைப் பார்த்துத் திருட்டுக் கொடுத்தவள் பாவம் என்கிறாள். இருபத்திரண்டு வருடமாகச் சுமந்து வந்த கூச்சத்தை இறக்கி வைக்கலாம் என்று வந்தேன். அதைவிடப் பெரிய ஒன்று அங்கே எனக்காகக் காத்திருந்தது. காதுக்குப் பின்னால் மட்டும் இல்லை, உடம்பு முழுக்கச் சுட்டது.

ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று, அவளைப் பற்றி. எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுபோல. அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. உள் அறையில் மறுபடி இருமல் கேட்டது. எதைக் கேட்க வேண்டும் என்று சற்று முன்தான் அவள் வரிசையாகச் சொல்லியிருந்தாள். அவற்றில் ஒன்றுகூட என் நினைவில் நிற்கவில்லை. மனசுக்குள் தேடத் தேட, அந்த ஆரஞ்சுத் திட்டுதான் வந்தது. நெடுநேரம் கழித்து ஒன்று கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் சட்டென்று கேட்டுவிட்டேன்.

“நீ சாப்ட்டயா?”

மரகதத்தின் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“சாப்ட்டேன் சம்யு.”

நாங்கள் இரண்டு பேரும் ஒரே குண்டாவிலிருந்து சாப்பிட்ட தட்டுகள் இன்னும் கழுவாமல் என் பக்கத்திலேயே இருந்தன.